கலண்டர் மட்டையும் மூன்றரை மணியும்

என் மகள் ஒரு படத்தில் நடித்திருக்கிறாள். இதைச் சொல்லாமல் எனக்கு எந்தப் பேச்சையும் தொடங்க வராது. மீன் வாங்கப் போனால் பாரை என்ன விலை என்று கேட்பேன், அடுத்த வசனம் இதுதான். மீன்காரர் ஒருநாளும் விலையைக் குறைத்ததில்லை. ஊர்காவற்றுறைச் சந்தையில் இந்தச் செய்தி தெரியாத ஆள் யாராவது மிச்சம் இருந்தால் அது என் குற்றமில்லை.

படத்தை எடுத்தவர் நோர்வேயில் வளர்ந்த ஒரு தம்பி. அவருடைய பெற்றோர் அனலைதீவுக்காரர். நானும் அனலைதீவில் பிறந்து கரம்பொன்னுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பதால் வந்த முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். கதையைச் சுருக்கமாகச் சொன்னார். பன்னிரண்டு வருடம் சிறையில் இருந்த ஒருவர் தீவுக்குத் திரும்பி வருகிறார். காத்திருந்த மனைவிக்கு அவர் பிறத்தி ஆளாகத் தெரிகிறார். இரண்டு பேரும் திரும்பப் பழகிக்கொள்ளவேண்டும், அதுதான் படம். அந்த மனைவி தன்னுடைய சின்ன வயதை நினைத்துப்பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு சிறுமி வேண்டும் என்றார். என் மகளுக்கு அப்போது பதினாலு வயது.

அனலைதீவு இறங்குதுறையில் அரை நாள் எடுத்தார்கள். எனக்கு அன்றைக்குப் பார்த்து வேலை. அயல்வீட்டு அக்காதான் மகளைக் கூட்டிக்கொண்டு போனா. மாலையில் முகமெல்லாம் வெயிலில் கறுத்து, பல் மட்டும் தெரிய வந்து சேர்ந்தாள். "என்ன நடிச்சனி? என்ன சொன்னனி?" என்று நூறு தரம் கேட்டிருப்பேன். நூறு தரமும் "படத்திலை பாருங்கோ" என்றுதான் சொன்னாள். வரப்போவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். நானும்தான்.

போன வருடம் படம் வந்தது. வெளிநாட்டில் இரண்டு மூன்று விழாக்களில் காட்டினார்களாம், கைதட்டினார்களாம். பிறகு கொழும்பில் தணிக்கைக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அதன் நெற்றியில் 'வயதுவந்தவர்களுக்கு மட்டும்' என்று ஒட்டி அனுப்பிவிட்டார்கள். நடித்த எங்களுடைய பிள்ளைகள் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் பதினெட்டு ஆகவில்லை.

"நான் நடிச்ச படத்தை நான் பாக்கக்கூடாதோ?" என்று மகள் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன். எனக்குக் கோபம் சுலபமாக வரும். அவள் ஏதோ ஒரு கணக்கு விளங்காத பிள்ளைபோலக் கேட்டாள்.

எங்களுடைய சனசமூக நிலையத்துக்கு நான் செயலாளர். பெரிய பதவி என்று நினைக்கவேண்டாம், மண்டபத்துப் பூட்டின் திறப்பு என் கையில் இருக்கும், அவ்வளவுதான். படத்தை எங்கள் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் காட்டுவது என்று முடிவானது. நடித்த அனலைதீவுப் பெண்கள் ஒரு கூட்டமாக வருவார்கள், அவர்கள் தீவுக்குப் போகிற நாலு மணி லோஞ்சுப் படகைப் பிடித்துத் திரும்பவேண்டும், அதனால்தான் பகல். ஆனால் பிள்ளைகளை விடுவதா இல்லையா என்பதில் ஊர் இரண்டுபட்டது. ஒரு தாய், "நீங்கள் காட்டினாலும் நான் விடமாட்டன்" என்றா. இன்னொரு தாய், "என்ரை பெடியன் ரெண்டு நாள் வெயிலுக்கை நிண்டவன், அவன் பாக்காமல் ஆர் பாக்கிறது?" என்று நிலையத்துப் படியில் நின்று கத்தினா. கடைசியில் மூன்று பேர் முதலில் பார்த்து முடிவு சொல்வது என்றானது. ஒருவர் ஓய்வுபெற்ற அதிபர், கணித வாத்தியாராக இருந்து அதிபரானவர். மற்றவர் கோயில் முகாமையாளர். மூன்றாவது ஆள், திறப்பு வைத்திருக்கிற நான்.

இதில் எனக்குப் பரம்பரைப் பழக்கம் உண்டு. சின்ன வயதில் அனலைதீவில் எங்கள் வீட்டு முற்றத்தில் வாடகை வீடியோ டெக்கில் படம் போடுவார்கள். ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் லோஞ்சில் வந்து இறங்கும். அயலெல்லாம் கூடிவிடும். என் அப்பாவுக்கு ஒரு தனி வேலை இருந்தது. டெக்காரரிடம் முதலே கேட்டு வைத்திருப்பார், எந்தப் பாட்டுக்குப் பிறகு கூடாத இடம் வருகிறது என்று. அந்த இடம் வந்ததும் தோளில் கிடக்கிற துவாயை எடுத்து, இரண்டு கையாலும் உயர்த்தி, ரீவிக்கு முன்னால் போய் நிற்பார். அப்பா கொஞ்சம் பிந்தினால் பெண்கள் பக்கத்தில் இருந்து "துவாய்! துவாய்!" என்று சத்தம் கேட்கும். அந்தத் துவாய் தோய்த்துத் தோய்த்து நைந்துபோனது. அதற்குள்ளால் நிறங்கள் அசைவது எங்களுக்குத் தெரியும், அதைப் பார்த்தே நாங்கள் வெட்கப்படுவோம்.

எனக்குப் பத்து வயதில் அப்பா யாழ்ப்பாணம் போய்வருகிறேன் என்று காலை லோஞ்சில் ஏறினார். திரும்பி வரவில்லை. எங்கே, எப்படி என்று இன்றைக்கும் தெரியாது. அப்படிப் போய் வராதவர்கள் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அதனால் அப்பாவைப் பற்றி என் மகளுக்கு நான் எடுத்துச் சொல்வதெல்லாம் இந்த டெக் கதைதான். இதிலென்றால் சிரிக்கலாம்.

மூன்று பேரும் இருந்து பார்க்கிற நாள் வந்தது. அன்று காலை மகள் என்னைக் குசினியில் மறித்தாள்.

"அம்மா, ஒரு சத்தியம் பண்ணவேணும். என்ரை இடம் வரேக்கை நீங்கள் பாக்கக்கூடாது. லோஞ்சு தெரியத் தொடங்கினதும் எழும்பி வெளியிலை போயிடுங்கோ."

"விசரோ உனக்கு? நல்லதோ கூடாதோ எண்டு பாக்கிறதுக்குத்தானே நான் போறன்!"

"என்ரை இடத்திலை ஒரு கூடாததும் இல்லை. அதை நாங்கள் ரெண்டு பேரும் பக்கத்திலை இருந்து பாப்பம். சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். என்ன செய்ய, இரண்டு வருடம் பொறுத்தவளுக்கு இன்னும் ஒரு வாரம் பெரிய காரியமா? ஊருக்கே படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லப் போகிறவள், சொந்தப் பிள்ளையின் காட்சியில் மட்டும் எழும்பி வெளியே போவதாக ஒப்புக்கொண்டாள்.

மண்டபத்து யன்னல்களைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, சரியாக மூன்று மணிக்குத் தொடங்கினோம். மடிக்கணினியை அதிபர் இயக்கினார். திரையின் அடியில் நேரம் ஓடுகிற எண்கள் படத்தைக் கெடுக்கின்றன என்று அதை மறைத்துவிட்டார். அதனால் நான் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வாசலுக்கு மேலே மாட்டியிருக்கிற சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் குறித்தேன். மூன்று பத்து, ஒரு குடிகாரர் சொல்லுகிற தூஷணம். மூன்று நாற்பது, கணவன் மனைவிக்குக் கன்னத்தில் அடிக்கிறார்.

அந்த அடியில் படத்தை நிறுத்திச் சண்டை பிடித்தோம் என்று சொல்லமுடியாது, ஓடவிட்டுக்கொண்டே சண்டை பிடித்தோம். "ஒரு ஆள் எந்த நிலையிலை கை நீட்டுறான் எண்டு பிள்ளையள் பாக்கத்தான் வேணும்" என்றார் அதிபர். முகாமையாளர் தன் கதிரையை அவர் பக்கம் திருப்பினார். அவர் பக்தியைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் வாயைத் தயாராக வைத்திருந்தேன். "உதை எங்கடை பிள்ளையளிலை சிலர் வீட்டிலை பாக்கினம் சேர்," என்றார். "ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டு வந்த இடத்திலையும் அதையே பாக்கவேணுமோ?" கொப்பியில் 'மூன்று நாற்பது' என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டேன். அந்த மனிதரைக் கற்பூரத்தோடும் திருவிழாக் கணக்கோடும் மட்டுமே எனக்குத் தெரியும்.

நாலு மணிக்கு எதிர்வீட்டில் இருந்து தேத்தண்ணியும் சூட்டோடு வாய்ப்பனும் வந்தன. படத்தை நிறுத்திவிட்டு, திரும்பவும் அந்த அடியைப் பற்றியே கதைத்துக் கதைத்துச் சாப்பிட்டோம். நாலு இருபதுக்குப் படம் மறுபடி ஓடத் தொடங்கியது. நாலரைக்கு அது வந்தது.

அந்த மனைவி குசினியில் அடுப்பு ஊதிக்கொண்டிருக்கிறா. புகையில் கண் எரிகிறது. அவர் வந்து குந்தி, தன்னுடைய சாரத் தலைப்பால் அவவின் கண்ணைத் துடைக்கிறார். பிறகு கொஞ்சுகிறார். வாயில். அவசரமில்லாமல். கடைசி வாய்ப்பனைக் கடித்தபடி இருந்த நான் அப்படியே இருந்துவிட்டேன். முகாமையாளர் கூரையைப் பார்த்தார். மனைவியை இழந்து நாலு வருடமான அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலரை. கொஞ்சுறது" என்று எழுதினேன்.

நாலு ஐம்பதுக்குத் திரையில் லோஞ்சு தெரிந்தது. சத்தியத்தை மதித்து வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்று காதையும் பொத்திக்கொண்டேன். உள்ளே வந்தபோது இருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "எப்பிடி?" என்றேன். "நல்லாச் செய்திருக்கிறாள்" என்றார் அதிபர். பிறகு மடிக்கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முடிவு எடுப்பதற்குள் ஒருமணித்தியாலம் போனது. விடவே கூடாது என்று சொல்ல ஒருவருக்கும் மனமில்லை. விட்டால் அந்தக் குசினியை என்ன செய்வது? வளர்ந்த பெடியனுக்குப் பக்கத்தில் தாய் இருக்க, குமர்ப்பிள்ளைக்குப் பக்கத்தில் தகப்பன் இருக்க, வாயில் கொஞ்சினால் யார் எந்தப் பக்கம் பார்ப்பது? அப்போதுதான் நான் அப்பாவின் துவாயைச் சொன்னேன். அதிபர் துள்ளி எழும்பினார். "பிள்ளை, அதுதான் வழி! புரொஜெக்டருக்கு முன்னாலை ஒரு மட்டையைப் பிடிச்சால் போதும். நீர்தான் பிடிக்கவேணும், கொப்பி உம்மடை கையிலை இருக்கு." மறைக்கவேண்டியது மூன்று இடம். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்கள் பெற்றவர்களோடு வரலாம். நாங்கள் மூன்றுக்குத் தொடங்கினோம், அன்றைக்கு இரண்டுக்குத் தொடங்கும், ஆகையால் எல்லாவற்றிலும் ஒரு மணித்தியாலத்தைக் கழிக்கவேண்டும் என்று அதிபர் கரும்பலகையில் எழுதியே காட்டினார். முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவர்.

வீட்டுக்கு ஓடிப்போய் மகளிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்ததில் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. "அப்ப நீங்கள் எனக்குப் பக்கத்திலை இருக்கமாட்டியளோ?" என்று திடீரென்று நின்றாள். "மூண்டரைக்கு கடைசி மட்டை. உன்ரை இடம் மூண்டு ஐம்பதுக்கு. மட்டையைப் போட்டிட்டு ஓடி வந்து இருப்பன்" என்றேன். விரலை மடித்து இரண்டு தரம் எண்ணிப்பார்த்த பிறகுதான் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எப்படிச் சொல்வேன்! பன்னிரண்டு மணிக்கே கதிரை பிடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அனலைதீவுப் பெண்கள் திருவிழாவுக்கு உடுக்கிற சேலையில் வந்தார்கள். பதினொரு பிள்ளைகளும் தலை வாரி, பவுடர் பூசி, ஆளுக்கு ஆள் கிள்ளிக்கொண்டு இருந்தார்கள். அல்லைப்பிட்டியில் இருந்து வந்த குடும்பம் ஒன்று படத்தில் தங்கள் ஆடும் வருகிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. மகள் மூன்றாவது வரிசையில் இருந்தாள், பக்கத்துக் கதிரையில் என்னுடைய கைப்பை. எனக்குக் காலையில் இருந்தே ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மட்டை, நிலையத்துச் சுவரில் கிடந்த போன வருடத்துக் கலண்டர் மட்டை. முன்பக்கம் வள்ளி தெய்வானையோடு முருகன். முகாமையாளர் அதைக் கண்டுவிட்டு ஓடி வந்தார். "தங்கச்சி, கூடாத படம் சுவாமியிலை விழக்கூடாது. வெறும் பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடியும்." சரி என்று திருப்பிப் பிடித்தேன். புரொஜெக்டர் மண்டபத்தின் நடுவில் மேசையில் இருந்தது. நான் அதைப் பார்த்தபடி, திரைக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். வாசலுக்கு மேலே மணிக்கூடு எனக்கு நேரே தெரிந்தது.

இரண்டு பத்துக்குத் தூஷணம். மட்டையைப் பிடித்தேன். படம் மறைந்தது, தூஷணம் மட்டும் மண்டபம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. சிரித்துச் சிரித்துப் பிள்ளைகள் கதிரையால் விழப்பார்த்தார்கள். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை! இரண்டு நாற்பதுக்கு அடி. அது சுத்தமாக மறைந்தது. முகாமையாளர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இனி மூன்றரைக்குத்தானே என்று மட்டையைக் கீழே வைத்துவிட்டு, மேசை ஓரத்தில் இருந்து கொப்பியால் விசிறிக்கொண்டேன். படங்கு கட்டிய மண்டபம் அடுப்பாக எரிந்தது.

மூன்று பத்து இருக்கும். மண்டபம் திடீரென்று அமைதியானது. ஒரு குழந்தை அழுதது, அதன் தாய் அதன் வாயைப் பொத்தியிருக்கவேண்டும், அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தால் குசினி. புகை. சாரத் தலைப்பு. நான் குனிந்து மட்டையைத் தேட, மட்டை காலில் பட்டு மேசைக்கு அடியில் போக, தவழ்ந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர்கள் கொஞ்சி முடித்து அடுப்பில் தேத்தண்ணித் தண்ணி வைத்துவிட்டார்கள்.

"தங்கச்சி, என்ன பாத்துக்கொண்டு நிண்டனீர்?" என்றார் முகாமையாளர், எல்லோருக்கும் கேட்க.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் வந்தால் என் புத்தி விடுமுறையில் போய்விடும். கொஞ்சம் யோசித்திருந்தால் நேரம் எங்கோ பிசகியிருக்கிறது என்று விளங்கியிருக்கும். நான் யோசிக்கவில்லை. கொப்பியில் மூன்றரை என்று இருக்கிறது, மூன்றரைக்கு ஒரு ஈ கூட என்னைத் தாண்டிப் போகாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மட்டையை மார்போடு அணைத்து, மணிக்கூட்டை முறைத்துக்கொண்டு நின்றேன்.

முள் ஆறில் விழுந்த நொடியில் மட்டையை நீட்டினேன்.

மண்டபம் இருண்டது. வெளிச்சம் முழுவதும் என் கையில் இருந்த மட்டையின் வெறும் பக்கத்தில் வந்து விழுந்தது. கலங்கலாக ஒரு நீலம். அதற்குள் ஏதோ சின்னதாக ஓடியது. வெள்ளையாக ஒன்று அதன் கையில் படபடத்தது. இதென்ன, கொஞ்சுகிறவர்கள் ஓடுகிறார்களே என்று நான் பார்த்துக்கொண்டு நிற்க, பின்னால் மண்டபம் முழுக்கக் கூச்சல், படத்தில் பேசுவது ஒன்றும் காதில் விழவில்லை. "எடுங்கோ! எடுங்கோ!" கூடாததைப் பார்க்க இவ்வளவு ஆசையா என்று எனக்கு இன்னும் ஆத்திரம். மட்டையை இறுக்கிப் பிடித்தேன். அந்தக் கூச்சலைக் கிழித்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா! அது நான்!"

மட்டை கையை விட்டு விழுந்தது. திரும்பினேன். திரையில் வெறும் கடல். அவளுடைய இடம் முடிந்துவிட்டது.

நான் அழுதேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, நடு மண்டபத்தில் நின்று அழுதேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறேன், என் கையாலேயே பிடிப்பேன் என்று நினைக்கவில்லை. கொஞ்சினதை ஊருக்கே காட்டிவிட்டு, இரண்டு வருடம் காத்திருந்த பிள்ளையை மறைத்துவிட்டேன்.

முதலில் எழும்பியது அனலைதீவு அக்கா ஒருவர். "சேர், திருப்பிப் போடுங்கோ" என்றா. "உங்களுக்கு லோஞ்சு?" என்றார் அதிபர். "லோஞ்சுக்காரத் தம்பிக்கு நான் சொல்லுறன்" என்று அவ கைத்தொலைபேசியை எடுத்தா. "தம்பி, அரை மணித்தியாலம் பொறுத்து நில்லும். இல்லை, செத்தவீடு இல்லை. எங்கடை பிள்ளையின்ரை படம்!" மண்டபம் கைதட்டியது. அதிபர் வியர்த்து வழிய மடிக்கணினியில் எதையோ இழுத்தார். இழுத்தது கூடிவிட்டது. திரையில் புகை வந்தது. குசினி.

"தொடாதேங்கோ சேர்!" என்று ஒரே சத்தம். இன்னொரு தரம் தொட்டால் படம் எந்த ஊரில் போய் நிற்குமோ என்ற பயம். அதிபர் கையை எடுத்துவிட்டார். நான் மட்டையைத் தேடவில்லை. முகாமையாளரும் கேட்கவில்லை. பதினாறு வயதுப் பெடியனும் பெட்டையும், தாயும் தகப்பனும், எல்லோரும் இருந்து அந்தக் கொஞ்சலை இரண்டாம் தரம் முழுதாகப் பார்த்தார்கள். "எத்தினை காலத்துக்குப் பிறகு வந்தவன், கொஞ்சட்டும்" என்று இருட்டில் ஒரு வயதான குரல் சொன்னது. யாரும் கிசுகிசுக்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தகப்பன் மூக்கை உறிஞ்சினார்.

மகளுக்குப் பக்கத்தில் போய் இருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. எட்டி, மேசையில் மடிக்கணினியோடு இருந்த அதிபரின் தோளில் தட்டினேன். "சேர், நாங்கள் தேத்தண்ணி குடிச்ச இருபது நிமிசம்! படம் நிண்டது, மணிக்கூடு நிக்கேல்லையே!" அவர் என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு லோஞ்சு தெரிந்தது. அவள் சிரிப்பை நிறுத்தி என் கையைப் பிடித்தாள்.

இறங்குதுறையில் ஒரு சிறுமி ஓடி வருகிறாள். என் மகள்தான், ஆனால் என்னுடைய பழைய பாவாடை மாதிரி ஒன்று கட்டியிருக்கிறாள். லோஞ்சு விட்டுப் போய்விட்டது. அவளுடைய கையில் ஒரு வெள்ளைத் துவாய். "அப்பா! துவாயை விட்டிட்டுப் போறியள்!" என்று கத்துகிறாள். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. துறையின் நுனியில் நின்று, தூரத்தில் போகிறவருக்குத் தெரியட்டும் என்று துவாயை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடிக்கிறாள்.

அப்படித்தான் நின்றேன் நான். அப்பா போன அன்று துவாய் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அவர் மறந்துவிட்டார், நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். இதை மகளுக்கு ஒரேயொரு தரம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆசுப்பத்திரியில் கிடந்தபோது, அவள் நித்திரை என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். அவள் நித்திரையில்லை. சிறுமிக்கு என்ன வசனம் வைக்கலாம் என்று படம் எடுத்த தம்பி கேட்டபோது இதைக் கொடுத்திருக்கிறாள்.

திரையில் துவாய் நிறைந்து நின்றது. அப்போது என் முகத்துக்கு முன்னால் ஒரு கை உயர்ந்தது. விரல்களை விரித்து, கண்ணில் படாமல், என் மகளின் கை.

"அம்மா, மறைக்கட்டோ?" என்று காதுக்குள் கேட்டாள். "உங்களுக்குக் காட்டலாமோ, காட்டக்கூடாதோ எண்டு ரெண்டு வருசமா யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"கையை எடு பிள்ளை," என்றேன். "எனக்குத் தெரியேல்லை."